முகத்தில் சின்ன மரு: எதை வைக்கலாம், எதை வைக்கவே கூடாது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடையில் வேலை பார்க்கிற எனக்குப் பழகிப்போன கேள்வி இது. வந்தவர் கன்னத்தையோ கண் ஓரத்தையோ காட்டி, "இந்த மருவுக்குத் தடவ ஏதாவது இருக்கா?" என்பார். பெரும்பாலும் கையில் ஒரு மருந்தின் பெயரும் இருக்கும். பக்கத்து வீட்டில் யாருக்கோ காலில் இருந்த மரு அதில் போயிருக்கும். காலுக்குச் சரியாக இருந்த மருந்து முகத்தைப் புண்ணாக்கிவிடும் என்பதைக் கவுண்டரில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் விளக்க முடிவதில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன். இது பொதுவான தகவல். உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் தோல் டாக்டர்தான்.

என் முகத்தில் இருப்பது மருதானா? எப்படித் தெரிந்துகொள்வது?

நம் ஊரில் மரு, பாலுண்ணி, உண்ணி, மச்சம் என்று எதை வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் சொல்கிறோம். ஆனால் சிகிச்சை ஒவ்வொன்றுக்கும் வேறு.

முகத்தில் வருகிற உண்மையான மரு பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று தட்டை மரு. குண்டூசித் தலை அளவில், தோல் நிறத்திலோ லேசான பழுப்பிலோ இருக்கும். தடவிப் பார்த்தால்தான் மேடு தெரியும். நெற்றியிலும் கன்னத்திலும் தாடையிலும் பத்து இருபது என்று கூட்டமாக வரும், சில சமயம் ஒரே கோட்டில் வரிசையாகவும் இருக்கும். இன்னொன்று இழை மரு. மெல்லிய தண்டில் சிறு முட்கள் போல நீட்டிக்கொண்டு, கண் இமை, மூக்குத் துவாரம், உதட்டு ஓரம், கழுத்து ஆகிய இடங்களில் ஒன்றிரண்டாக முளைக்கும்.

மரு மாதிரியே இருந்து மருவாக இல்லாதவைதான் அதிகம். கழுத்திலும் அக்குளிலும் மென்மையாகத் தொங்கும் சதைத் துணுக்கு மரு அல்ல, தொற்றவும் தொற்றாது. வயது ஏற ஏறக் கன்னத்தில் அதிகமாகும் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளி மேடுகள் பரம்பரையாக வருபவை. அம்மாவுக்கோ பாட்டிக்கோ இருக்கிறதா என்று பாருங்கள், பாதிப் பேருக்கு விடை அங்கேயே கிடைத்துவிடும். குழந்தைகளுக்கு முத்துப் போலப் பளபளப்பாக, நடுவில் குழியோடு வருவது வேறொரு வைரஸால் வரும் நோய்.

ஒரு மேட்டில் அடிக்கடி ரத்தம் கசிகிறது, புண்ணாகி ஆறவே மாட்டேன் என்கிறது, நிறம் மாறுகிறது, வேகமாக வளர்கிறது, அல்லது வயதானவருக்குப் புதிதாக ஒன்றே ஒன்று முளைத்திருக்கிறது என்றால் எதையும் தடவாமல் டாக்டரிடம் காட்டுங்கள். தோல் புற்றுநோயும் தொடக்கத்தில் சாதுவான மரு போலத்தான் தெரியும். அதைப் பொசுக்கி எறிந்துவிட்டால், பரிசோதனைக்கு அனுப்பத் திசு இருக்காது.

மரு எதனால் வருகிறது? உடல் சூடுதான் காரணமா?

சூடு காரணம் இல்லை, தவளையைத் தொட்டதும் காரணம் இல்லை. எச்.பி.வி. என்ற வைரஸ்தான். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. தட்டை மருவைப் பெரும்பாலும் 3, 10 ஆகிய எண்கள் கொண்ட வகைகள் உண்டாக்கும். கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக வைரஸ் தோலின் மேல் அடுக்கில் நுழைந்துவிடும். மரு வெளியே தெரிய ஒன்றிலிருந்து ஆறு மாதம் வரைகூட ஆகும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடுவதில் பயனில்லை.

எச்.பி.வி. என்றால் புற்றுநோய் வைரஸ் என்கிறார்களே?

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமானவை 16, 18 போன்ற வேறு வகைகள். முகத்து மருவை உண்டாக்கும் வகைகள் சாதாரண ஆரோக்கியம் உள்ளவர்களுக்குப் புற்றுநோயாக மாறுவதில்லை. பாலுறவால் வந்த நோய் என்ற சந்தேகமும் வேண்டாம். இந்தப் பயத்தை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குபவர்கள் உண்டு, முக்கியமாக இளம் பெண்கள். கல்யாணப் பேச்சு நடக்கிற வீட்டில் ஒரு சின்ன மரு எவ்வளவு பெரிய விஷயமாகிவிடுகிறது என்று தெரியும். அந்த அவசரத்தில்தான் முகத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

எதுவும் செய்யாமல் விட்டால் தானாகப் போகுமா?

பெரும்பாலும் போகும். குழந்தைகளில் மூன்றில் இரண்டு பேருக்கு இரண்டு வருடத்துக்குள் தானாக மறைந்துவிடும். பெரியவர்களுக்கு இன்னும் மெதுவாக நடக்கும், சிலருக்கு வருடக்கணக்கில் நிற்கும். மறைவதற்குச் சற்று முன்பு தட்டை மருக்கள் திடீரென்று சிவந்து, தடித்து, அரிக்கும். பரவிவிட்டது என்று பயந்து ஓடி வருவார்கள். உண்மையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி வைரஸைக் கண்டுபிடித்துவிட்டதன் அடையாளம் அது. அந்த நேரத்தில் எதையாவது வைத்துத் தேய்க்காதீர்கள்.

ஒன்றிரண்டு மருதான், தொந்தரவு இல்லை, பரவவும் இல்லை என்றால் காத்திருப்பதும் முறையான சிகிச்சைதான். அதற்காக டாக்டர் உங்களைத் திருப்பி அனுப்பினால் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கோயிலில் உப்பும் மிளகும் போட்டால் மரு போய்விடும் என்கிறார்களே?

தாராளமாகப் போடுங்கள். அந்த வேண்டுதலால் தோலுக்கு ஒரு கெடுதலும் இல்லை. வேண்டிக்கொண்டவர் மருவைக் கிள்ளாமல் சில மாதம் பொறுமையாக இருப்பார், அதுவே பெரிய விஷயம். ஆனால் ரத்தம் கசியும் மேட்டையோ கண்ணை உறுத்தும் மருவையோ வேண்டுதலை நம்பித் தள்ளிப்போட வேண்டாம்.

கடையில் விற்கிற மரு மருந்தை முகத்தில் தடவலாமா?

கூடாது. சின்ன பாட்டிலில், மூடியிலேயே குச்சியோ பிரஷோ வைத்து வரும் அந்தத் திரவத்தில் பொதுவாகச் சாலிசிலிக் அமிலம் 16.7 சதவீதமும் லாக்டிக் அமிலம் 16.7 சதவீதமும் இருக்கும். கால் ஆணிக்கு ஒட்டும் பட்டையில் சாலிசிலிக் அமிலம் 40 சதவீதம்கூட இருக்கும். உள்ளங்கால் தோல் தடிமனானது, அதைத் தாங்கும். கன்னத்துத் தோல் தாங்காது. மருவைச் சுற்றியுள்ள நல்ல தோலும் சேர்ந்து வெந்து, ஆறிய பிறகு காசு அளவுக்குக் கறுப்பு வட்டம் நிற்கும். முகத்தில் போடக் கூடாது என்று அந்த மருந்துகளின் உள்ளே மடித்து வைத்த தாளில் எழுதியிருக்கும். அதை யாரும் பிரித்துப் படிப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

முகப்பருவுக்கான ஃபேஸ்வாஷில் இருக்கும் 1, 2 சதவீத சாலிசிலிக் அமிலம் வேறு விஷயம். அது மருவைப் போக்காது, ஆனால் தோலைக் கெடுக்கவும் கெடுக்காது.

இதைவிட ஆபத்தான ஒன்று இருக்கிறது. முகம் வெளுக்க என்று டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்கித் தடவும் ஸ்டீராய்டு கலந்த க்ரீம். ட்யூபில் மோமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. தோலின் எதிர்ப்புச் சக்தியை அது அமுக்கிவிடும், வைரஸுக்கு வழி திறந்துவிடும். இரண்டு தட்டை மருவோடு க்ரீம் போட ஆரம்பித்து, முகம் முழுக்கப் பரவிய பிறகு டாக்டரிடம் போவார்கள். க்ரீம் போடுகிறீர்களா என்று கேட்டால் "சாதாரண பவுடர் க்ரீம்தான்" என்பார்கள். ட்யூபையே எடுத்துப்போய்க் காட்டுங்கள். ரொம்ப நாளாகப் போட்டிருந்தால் எப்படி நிறுத்துவது என்பதையும் அவரிடமே கேளுங்கள்.

அம்மான் பச்சரிசி, எருக்கம்பால், சுண்ணாம்பு: எது பாதுகாப்பு?

முகத்துக்கு எதுவுமே இல்லை. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த மூன்றையும்தான் வீட்டில் முதலில் கையில் எடுக்கிறார்கள்.

அம்மான் பச்சரிசியின் தண்டை ஒடித்தால் வரும் பாலை மருவில் வைக்கும் வழக்கம் கிராமங்களில் நெடுநாளாக இருக்கிறது. கைவிரல் மருவில் ஒரு சொட்டு வைப்பவரோடு நான் சண்டை போட மாட்டேன். முகத்தில் அது எரிச்சலையும் கொப்புளத்தையும் உண்டாக்கலாம். கண்ணுக்கு அருகே நினைத்தே பார்க்கக் கூடாது.

எருக்கம்பால் இன்னும் மோசம். கண்ணில் தெறித்தால் கருவிழியின் உள் அடுக்கைப் பாதித்துப் பார்வையை மங்கச் செய்யும். அதில் கொடுமை என்னவென்றால், பல பேருக்கு வலியே இருக்காது. வலி இல்லையே என்று விட்டுவிட்டு, மறுநாள் காலையில் பார்வை புகைமூட்டமாகத் தெரிந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். இமை மருவுக்கு எருக்கம்பால் வைக்கச் சொல்பவர் யாராக இருந்தாலும், எவ்வளவு பெரியவராக இருந்தாலும், கேட்காதீர்கள்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்போடு சோப்பையோ சலவைச் சோடாவையோ குழைத்து வைப்பது மூன்றாவது. இது காரம். அமிலம் பட்டால் உடனே சுரீரென்று எரியும், கையை எடுத்துவிடுவோம். காரம் அப்படி இல்லை, தோலைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். வைத்த அன்று மரு கறுத்து உதிர்வது போலத் தெரியும், எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். அடியில் பள்ளம் விழுந்திருப்பது பொருக்கு உதிர்ந்த பிறகுதான் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்ப எந்த க்ரீமாலும் முடியாது. ஆப்பிள் சைடர் வினிகரைப் பஞ்சில் நனைத்து ராத்திரி முழுக்கக் கட்டி வைப்பதும் இதே கதைதான். புது வீடியோ, பழைய புண்.

முடி கட்டி அறுக்கலாமா? நகவெட்டியால் எடுத்தால்?

வேண்டாம். ரத்தம் நிற்காது, சீழ் பிடிக்கும், வெட்டிய விளிம்பில் வைரஸ் இன்னும் நாலு இடத்தில் ஒட்டிக்கொள்ளும்.

தூஜா என்ற ஹோமியோபதி மருந்து சாப்பிட்டால் போகுமா?

ஹோமியோபதி மருந்துகளை மருவுக்காகப் போலி மருந்தோடு ஒப்பிட்டுச் செய்த பரிசோதனைகளில் குறிப்பிடும்படி வித்தியாசம் தெரியவில்லை. மருந்து சாப்பிடும் காலத்தில் தானாக மறைந்த மருவின் பெருமை மருந்துக்குப் போய்விடுகிறது.

தோல் டாக்டர் என்னென்ன செய்வார்?

மருவின் வகையையும் இடத்தையும் பொறுத்தது. நம் மாநிறத் தோலில் நல்ல டாக்டர் முதலில் யோசிப்பது எதைச் செய்தால் கறுப்போ வெள்ளையோ படியாது என்பதைத்தான்.

முகத்தில் நிறைய தட்டை மருக்கள் இருந்தால் பெரும்பாலும் ட்ரெட்டினாயின் அல்லது அடாபலீன் க்ரீமில் தொடங்குவார்கள். ராத்திரி மட்டும், கழுவித் துடைத்த தோலில், மெல்லிசாகத் தடவ வேண்டும். முதல் சில வாரம் தோல் சிவந்து செதில் செதிலாக உரியும். பலர் இந்த இடத்தில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் ஒருநாள் விட்டு ஒருநாள் தடவலாமா என்று டாக்டரைக் கேளுங்கள். பலன் தெரிய வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். இமிக்விமாட் என்ற க்ரீமும் சிலருக்குத் தருவார்கள். அது வைரஸை நேராகத் தாக்காமல் அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும். தோல் நன்றாகச் சிவக்கும், அதனால் டாக்டர் சொன்ன நாள் கணக்கை மீறக் கூடாது.

இழை மருவுக்குக் க்ரீம் தேவையில்லை. மரத்துப்போகும் மருந்து போட்டு, தண்டைச் சிறு கத்தரியால் நறுக்கி, அடியை லேசாகச் சுட்டுவிடுவார்கள். சில நிமிட வேலை. மக்கள் "கரண்ட் வைத்து எடுப்பது" என்று சொல்லும் எலெக்ட்ரோகாட்டரி, ரேடியோ அலை முறை எல்லாம் இதில் அடக்கம். எவ்வளவு மேலோட்டமாகச் சுடுகிறார் என்பதில்தான் டாக்டரின் கைத்திறமை இருக்கிறது. ஆழமாகப் போனால் தழும்பு. சுடும்போது வரும் புகையில் வைரஸ் துணுக்குகள் இருக்கக்கூடும். டாக்டர் மாஸ்க் போட்டுக்கொண்டு, புகையை உறிஞ்சும் குழாயை அருகில் வைத்திருந்தால் அது நல்ல கிளினிக்.

உறைய வைக்கும் சிகிச்சையில் மைனஸ் 196 டிகிரி குளிரில் இருக்கும் திரவ நைட்ரஜனைப் பயன்படுத்துவார்கள். முகத்தில் சில நொடிகள், அவ்வளவுதான். இழை மருவை, குளிரூட்டிய இடுக்கியால் பிடித்தே உறைய வைப்பதும் உண்டு, அப்போது சுற்றியுள்ள தோல் தப்பிக்கும். தோலுக்கு நிறம் தரும் செல்கள் மற்ற செல்களைவிடக் குளிரில் சீக்கிரம் சாகும். ஆகவே கறுத்த, மாநிறத் தோலில் வெள்ளைத் திட்டு விழும் வாய்ப்பு உண்டு. முகத்தில் இதைச் செய்வதாகச் சொன்னால், நிறம் மாறுமா என்று நேரடியாகக் கேட்டுவிடுங்கள்.

லேசரும் இருக்கிறது. விலை அதிகம் என்பதாலேயே அது மற்றதைவிடச் சிறந்தது என்று நினைக்க வேண்டாம். ஒன்றிரண்டு சின்ன மருவுக்கு லேசர் தேவை என்று எனக்குத் தோன்றவில்லை.

வலிக்குமா?

மரத்துப்போகும் க்ரீமை முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் பூசி, மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டி வைப்பார்கள். பிறகு சுருக்கென்று இருக்கும், தாங்கக்கூடியதுதான். அவசரமாக ஐந்து நிமிடத்தில் துடைத்தால் மரக்காது. ஆகவே நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

தழும்பு விழாமல் இருக்க நான் என்ன செய்ய வேண்டும்?

முதலில், சிகிச்சைக்கு முன்பே சொல்ல வேண்டியவை. காது குத்திய இடமோ பழைய காயமோ தடித்து வளரும் தழும்பாக மாறியிருந்தால் சொல்லுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை, முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். பேஸ்மேக்கர் உள்ளவருக்குக் கரண்ட் முறையை மாற்ற வேண்டியிருக்கும்.

எடுத்த இடத்தில் சிறு பொருக்கு கட்டும். டாக்டர் தந்த களிம்பையோ வெறும் வாசலினையோ போட்டு ஈரப்பதமாக வைத்திருங்கள். மஞ்சள், சந்தனம், பவுடர், வேறு க்ரீம் எதுவும் அதன் மேல் வேண்டாம். ஒரு வாரம், பத்து நாளில் தானாக உதிரும். கண்ணாடி முன்னால் நின்று நகத்தால் நெம்பிவிடுகிறார்களே, அங்கேதான் தழும்பு தொடங்குகிறது. உதிர்ந்த இடம் முதலில் ரோஜா நிறத்தில் இருந்து, பிறகு கறுக்கும். இந்தக் கறுப்பு நம் தோலின் இயல்பு, சில வாரத்திலிருந்து சில மாதத்தில் மங்கும். பொருக்கு உதிர்ந்த நாளிலிருந்து எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன் போட்டால் சீக்கிரம் மங்கும். வீட்டில் முக்கியமான நிகழ்ச்சி இருந்தால் குறைந்தது இரண்டு மாதம் முன்னாலேயே எடுத்துவிடுங்கள். முந்தின வாரம் போய் நிற்காதீர்கள்.

பியூட்டி பார்லரில் எடுத்துக்கொள்ளலாமா? ஆன்லைனில் விற்கும் பேனா மாதிரிக் கருவி?

இரண்டும் வேண்டாம். எடுக்கப் போவது மருவா வேறொன்றா என்று பார்லரில் சொல்ல முடியாது. ஒரே முனையைப் பலருக்குப் பயன்படுத்தினால் ரத்தத்தின் வழியாகப் பரவும் நோய்களும் வரலாம். மச்சத்தையும் தொங்கும் சதையையும் வீட்டிலேயே எடுப்பதற்கென்று விற்கும் எந்தப் பொருளுக்கும் தான் ஒப்புதல் தரவில்லை என்று அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022இல் எச்சரித்தது. அதே மாதிரிச் சாமான்கள்தான் இங்கே வீடு தேடி வருகின்றன.

ஷேவிங், த்ரெட்டிங் செய்யலாமா?

மரு இருக்கும் இடத்தில் கொஞ்ச காலம் நிறுத்துங்கள். பிளேடு ஒரு மருவின் மேல் ஓடி, அந்த வைரஸை வழி நெடுக நட்டுக்கொண்டே போகும். தாடைக் கோட்டில் வரிசையாக மரு நிற்பது இதனால்தான். புருவம் திருத்திய இடத்தில் வரிசையாக மரு வந்தாலும் காரணம் இதேதான். ட்ரிம்மரால் முடியைக் குட்டையாக விட்டுக்கொண்டு, தாடி வளர்ப்பது நல்லது. துண்டு, ரேசர், மேக்கப் பஞ்சு எதையும் பகிர வேண்டாம்.

குழந்தைக்கு வந்தால்? கர்ப்பமாக இருந்தால்?

குழந்தைக்குப் பெரும்பாலும் பொறுத்திருப்பதே நல்லது. பள்ளிக்கு அனுப்பலாம், ஒதுக்கி வைக்க வேண்டியதில்லை. கிள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கர்ப்பமாக இருந்தாலோ திட்டமிட்டுக்கொண்டிருந்தாலோ ட்ரெட்டினாயின், அடாபலீன், மருவுக்குத் தடவும் போடோஃபிலின் என்ற மருந்து எதுவும் வேண்டாம். பிரசவம் வரை காத்திருக்கலாம். இடைஞ்சலாக இருந்தால் உறைய வைப்பது போன்ற முறைகளை டாக்டர் யோசிப்பார்.

கண் இமையில் இருக்கிறது. எங்கே போவது?

கண் டாக்டரிடம். இமை விளிம்பில் தோல் டாக்டர்களே பலர் கை வைக்காமல் அங்கேதான் அனுப்புவார்கள்.

எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப வருகிறதே?

சுற்றியுள்ள, பார்க்க நன்றாக இருக்கும் தோலிலும் வைரஸ் இருக்கும். அதனால் ஒரு தடவையில் முடியாமல் போவது டாக்டரின் தவறு என்று எடுத்துக்கொள்ள முடியாது. பிடிவாதமான மருக்களுக்கு தட்டம்மை முதலியவற்றுக்குப் போடும் எம்.எம்.ஆர். தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி3 மருந்தையோ ஒரு மருவுக்குள் ஊசியாகப் போட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும் முறையை இந்தியாவில் பல டாக்டர்கள் செய்கிறார்கள். தள்ளி இருக்கும் மருக்களும் சேர்ந்து மறைவது இதன் அழகு. கையில் ஒரு மரு இருந்தால் அதில் போட்டு முகத்தைத் தொடாமலே விடலாம். எல்லோருக்கும் பலிக்கும் என்று உறுதி இல்லை.

குறுகிய காலத்தில் ஏராளமாக வந்தாலோ, உறுப்பு மாற்று மருந்து, கீமோதெரபி, நீண்டகால ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவராக இருந்தாலோ சீக்கிரம் காட்டுங்கள். டாக்டர் எச்.ஐ.வி. பரிசோதனை எழுதித் தந்தால் அவமானமாக நினைக்க வேண்டாம், எதிர்ப்புச் சக்தி ஏன் குறைந்தது என்று தேடுகிறார். கழுத்தில் தொங்கும் சதையோடு கழுத்தும் வெல்வெட் போலக் கறுத்திருந்தால் சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள்.

நல்ல தோல் டாக்டரை எப்படிக் கண்டுபிடிப்பது? செலவு?

போர்டில் எம்.டி. அல்லது டிப்ளமோவோடு டி.வி.எல். (தோல், பால்வினை, தொழுநோய் மருத்துவம்) என்ற எழுத்துகள் இருக்கிறதா என்று பாருங்கள். டி.என்.பி. என்ற மேற்படிப்பு படித்தவர்களும் உண்டு. "காஸ்மெட்டாலஜி" என்று மட்டும் போட்டிருந்தால் அடிப்படைப் படிப்பு என்ன என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் போய் ஓ.பி. சீட்டுப் போட்டால் போதும். கூட்டம் இருக்கும். ஆனால் தினமும் இதையே பார்க்கிற கைகள் அவை.

ஏற்கெனவே சுண்ணாம்போ செடிப் பாலோ வைத்துவிட்டேன், எரிகிறது. இப்போது என்ன செய்வது?

ஒட்டியிருக்கும் சுண்ணாம்பை உலர்ந்த துணியால் முதலில் துடைத்து எடுங்கள். அப்புறம் குழாயைத் திறந்துவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிடம் கழுவுங்கள். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையோ வினிகரோ ஊற்றாதீர்கள், இரண்டாவது புண் வரும். பற்பசை, மஞ்சள், மை எதுவும் தடவ வேண்டாம். வாசலினை மெல்லிசாகப் பூசிக்கொண்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். கொப்புளம் வந்திருந்தால் உடைக்க வேண்டாம்.

கண்ணில் பட்டிருந்தால் இந்தப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். இமையைப் பிரித்துப் பிடித்து உடனே தண்ணீர் விட்டுக் கழுவத் தொடங்குங்கள். அரை மணி நேரம் கழுவிவிட்டு, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்தச் செடியின் பால், என்ன பொடி என்பதை, முடிந்தால் அதையே ஒரு கவரில் போட்டு, கையோடு எடுத்துப் போங்கள்.